ஆசியக் கோப்பையில் வெண்கலம், உலக அரங்குக்கு இடமில்லை: ஐஸ் ஹாக்கியில் இந்தியா கால் வைக்காத முதற்படி

மும்பை: 2025ஆம் ஆண்டில் மூன்று மாத இடைவெளியில் இரண்டு இந்திய ஹாக்கி அணிகள், 'ஆசியக் கோப்பை' என்ற ஒரே பெயர் கொண்ட இரு வேறு தொடர்களில் பதக்கம் வென்றன. செப்டம்பர் 7ஆம் தேதி பீகார் மாநிலம் ராஜ்கிரில் தென் கொரியாவை 4-1 என்ற கோல் கணக்கில் வீழ்த்திய ஆடவர் ஹாக்கி அணி, கோப்பையோடு சேர்த்து 2026 உலகக் கோப்பைக்கான நேரடி இடத்தையும் பெற்றது. அதற்கு முன்னதாக ஜூன் முதல் வாரத்தில், ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் இந்திய மகளிர் ஐஸ் ஹாக்கி அணி வெண்கலம் வென்றது. அந்தப் பதக்கத்துடன் எந்தப் போட்டிக்கான இடமும் வரவில்லை.

வெண்கலம் என்பதால் இடம் கிடைக்காமல் போகவில்லை. அல் ஐனில் தங்கம் வென்ற பிலிப்பைன்ஸ் அணியும் அந்த வெற்றியால் ஒலிம்பிக்குக்கோ, உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல்நிலைப் பிரிவுக்கோ ஓர் அடி கூட நெருங்கிவிடவில்லை. புல்தரை ஹாக்கியில் கண்டத்தின் சாம்பியனுக்கு உலகக் கோப்பையின் கதவு திறக்கிறது. ஐஸ் ஹாக்கியில் அப்படியொரு கதவே இல்லை. 'அடுத்தது ஒலிம்பிக்தானே' என்று அந்த வெண்கலத்தைக் கொண்டாடியவர்கள் கேட்ட கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

மும்பைத் தமிழர்களுக்கு ஹாக்கி அந்நியமான ஆட்டமன்று. புனேவை அடுத்த கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை, மும்பைக்கு வந்து மஹிந்திரா அணிக்காக ஆடித்தான் இந்திய அணியின் தலைவராக உயர்ந்தார். ஆண்டாப் ஹில்லிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஹாக்கி என்ற சொல் இன்றும் அவரையே நினைவூட்டுகிறது. அதே சொல்லின் முன்னால் 'ஐஸ்' சேர்ந்துவிட்டால், அது குளிர்நாட்டவரின் விவகாரம் என்று ஒதுங்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. தகுதி பெறும் முறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், நாட்டின் குளிருக்கும் இந்த ஆட்டத்துக்கும் நாம் நினைக்கும் அளவுக்குத் தொடர்பில்லை என்பது தெரியவரும்.

ஏழு படிகள்

1908இல் பாரிஸில் தொடங்கப்பட்ட சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு, உலகச் சாம்பியன்ஷிப்பை ஆண்டுதோறும் நடத்துகிறது. தொலைக்காட்சியில் நாம் காணும் போட்டி அதன் உச்சிப் பகுதி மட்டுமே. ஆடவர் பிரிவில் அந்த உச்சியில் 16 அணிகள் உள்ளன. அதற்குக் கீழே முதல் பிரிவு ஏ, முதல் பிரிவு பி, இரண்டாம் பிரிவு ஏ, பி, மூன்றாம் பிரிவு ஏ, பி என அடுக்குகள் இறங்கி, நான்காம் பிரிவில் முடிகின்றன. ஒவ்வோர் அடுக்குக்கும் அந்தந்த ஆண்டில் தனித்தனி நகரத்தில் தனித்தனித் தொடர் நடக்கிறது.

விதி எளியது. ஓர் அடுக்கில் முதலிடம் பெறும் அணி அடுத்த ஆண்டு மேலே செல்லும். கடைசி இடம் பெறும் அணி கீழே இறங்கும். உச்சிப் பிரிவில் மட்டும் ஆண்டுக்கு இரண்டு அணிகள் இறங்க, முதல் பிரிவு ஏ-யிலிருந்து இரண்டு அணிகள் ஏறுகின்றன. அங்கு எட்டு அணிகள் கொண்ட இரு குழுக்களிலும் கடைசி இடத்தில் நிற்பவை வெளியேறும். 2025இல் பிரான்சும் கஜகஸ்தானும் அவ்வாறு இறங்கின. பிரிட்டனும் இத்தாலியும் அவற்றின் இடத்துக்கு ஏறின.

ஆகவே நான்காம் பிரிவில் புதிதாக நுழையும் ஒரு நாடு, ஓர் ஆண்டு கூடச் சறுக்காமல் ஒவ்வொரு முறையும் முதலிடம் பெற்றாலும், உச்சியை அடைய ஏழு உயர்வுகள் தேவை. அதாவது குறைந்தது ஏழு ஆண்டுகள். மகளிர் பிரிவில் உச்சியில் 10 அணிகள். மூன்றாம் பிரிவு பி-யிலிருந்து கணக்கிட்டால் ஆறு உயர்வுகள். ஒரு வீராங்கனையின் ஆட்ட வாழ்வில் ஆறு ஆண்டுகள் என்பது ஏறக்குறைய பாதி.

இவ்வளவு நீண்ட ஏணியில் ஏற முடியுமா என்றால், முடியும். பிரிட்டன் 1994க்குப் பிறகு கால் நூற்றாண்டுக் காலம் உச்சிப் பிரிவைக் காணவில்லை. 2017இல் முதல் பிரிவு பி-யில் வென்று ஓர் அடுக்கு ஏறியது. 2018 ஏப்ரலில் புடாபெஸ்டில் நடந்த முதல் பிரிவு ஏ தொடரின் கடைசி நாளில், ஹங்கேரிக்கு எதிராகப் பின்தங்கியிருந்த அந்த அணி, ஆட்டம் முடிய 16 விநாடிகள் கூட இல்லாத நிலையில் சமன் செய்து, பின்னர் ஷூட் அவுட்டிலும் வென்று உச்சிக்குச் சென்றது. அடுத்த ஆண்டு சுலோவாக்கியாவின் கோசிட்சேவில் பிரான்சிடம் 0-3 எனப் பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 4-3 என வென்று அங்கே நிலைத்தது. பின்னர் 2022இல் இறங்கி, 2023இல் ஏறி, 2024இல் இறங்கி, 2025இல் மீண்டும் ஏறியது. ஏறுவதைவிட நிலைப்பது கடினம் என்பதற்கு பிரிட்டனின் இந்த நான்கு ஆண்டுகள் போதும்.

ஒலிம்பிக்குக்கும் அதே ஏணிதான்

ஒலிம்பிக் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதால் அதற்குத் தனி வழி இருக்கும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. உண்மையில் அந்த வழியும் உலகச் சாம்பியன்ஷிப்பின் ஊடாகவே செல்கிறது. 2026 பிப்ரவரி மிலானோ–கோர்ட்டினா ஒலிம்பிக்கின் ஆடவர் பிரிவுக்கு 12 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டு உலகத் தரவரிசையின் முதல் எட்டு அணிகளுக்கு நேரடி இடம். போட்டியை நடத்தும் இத்தாலிக்கு ஓர் இடம். எஞ்சிய மூன்று இடங்களுக்கு 2024 ஆகஸ்ட் இறுதியில் பிராட்டிஸ்லாவா, ரிகா, ஆல்போர்க் ஆகிய நகரங்களில் இறுதித் தகுதிச் சுற்றுகள் நடந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு அணிகள். முதலிடத்துக்கு மட்டுமே ஒலிம்பிக். சுலோவாக்கியா, லாட்வியா, டென்மார்க் ஆகியவை வென்றன. தரவரிசையில் முதல் எட்டுக்குள் இருந்த ரஷ்யா, உக்ரைன் போரின் காரணமாக விலக்கப்பட்டதால், ரிகாவில் தோற்றுப் போன பிரான்சுக்குப் பின்னர் இடம் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது தரவரிசை கணக்கிடப்படும் விதம். உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓர் அணி பெறும் இறுதி இடத்துக்குப் புள்ளிகள் உண்டு. உச்சியில் முதலிடம் பெறும் அணிக்கு 1,200. நடப்பு ஆண்டின் புள்ளிகள் முழுமையாகவும், முந்தைய ஆண்டுகளின் புள்ளிகள் முறையே 75, 50, 25 விழுக்காடாகவும் சேர்க்கப்படுகின்றன. ஒலிம்பிக் போட்டிகளும் கணக்கில் வரும். ஆசிய அளவிலான கோப்பைகள் வருவதில்லை. எனவே உலகச் சாம்பியன்ஷிப்பின் எந்த அடுக்கிலும் ஆடாத நாட்டுக்குத் தரவரிசையில் சேர்த்துவைக்க எதுவும் இல்லை. அல் ஐன் வெண்கலத்தின் மதிப்பு அந்தக் கணக்கேட்டில் பூஜ்யம்.

ஆசியாவுக்கு என ஒரு கதவு எப்போதும் இருந்ததில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1998 முதல் 2004 வரை, தூரக் கிழக்கு நாடுகளுக்கென ஒரு தகுதித் தொடர் நடத்தி, அதில் வெல்லும் அணியை உச்சிப் பிரிவில் நேரடியாகச் சேர்த்தனர். ஒவ்வொரு முறையும் ஜப்பானே வென்றது. உச்சியில் கடைசி இடங்களிலேயே நின்றது. 2004உடன் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. கண்டவாரி இடம் கொடுத்தால் ஆட்டத்தின் தரம் குறையும் என்பது ஐரோப்பியர்களின் வாதம். இடமே கொடுக்காவிட்டால் தரம் எப்படி உயரும் என்று திருப்பிக் கேட்கலாம்தான். ஆனால் தென் கொரியா அக்கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பியோங்சாங் ஒலிம்பிக்கை நடத்தும் வாய்ப்பு கிடைத்ததும், கனடாவில் பிறந்த வீரர்கள் சிலருக்குக் குடியுரிமை அளித்து, 2017இல் கீவ் நகரில் கடைசி நாளில் உக்ரைனை ஷூட் அவுட்டில் வென்று, ஏணி வழியாகவே உச்சிக்குச் சென்றது. அடுத்த ஆண்டு ஆடிய ஏழு ஆட்டங்களிலும் தோற்று இறங்கியது என்பது வேறு கதை.

இந்தியா எங்கே நிற்கிறது?

இந்தியா 1989ஆம் ஆண்டிலிருந்தே சர்வதேசக் கூட்டமைப்பின் உறுப்பினர். ஆனால் 2025 வரை நடந்த சீனியர் உலகச் சாம்பியன்ஷிப்பின் எந்த அடுக்கிலும், ஆடவர் அணியோ மகளிர் அணியோ ஆடியதில்லை. ஏணியில் கீழே இருக்கிறோம் என்று சொல்வது கூடச் சரியாகாது. ஏணியின் முதற்படியில் இன்னும் கால் வைக்கவில்லை என்பதே சரி.

ஆடவர் அணியின் முதல் சர்வதேசத் தொடர் 2009இல் அபுதாபியில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பை. 2015இல் அதே தொடருக்காக குவைத் செல்லப் பணமின்றி, இணையம் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட நேர்ந்தது. மகளிர் அணி 2016இல் தைபேயில் முதன்முறையாகக் களமிறங்கியது; 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என வென்று தன் முதல் வெற்றியைக் கண்டது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் அல் ஐனில் தங்கம் வென்றது அதே பிலிப்பைன்ஸ். இரு அணிகளும் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவை என்பதை நினைவில் வைத்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் யாருக்கு எது கிடைத்தது என்ற கேள்வி தானாக எழும்.

இந்திய அணிகளின் பெரும்பாலான வீரர்களும் வீராங்கனைகளும் லடாக்கைச் சேர்ந்தவர்கள். லேயிலும் கார்கிலிலும் எல்லைப்புறச் சிற்றூர்களிலும் குளங்கள் உறையும்போது ஆட்டம் தொடங்கும். அங்கு இந்த ஆட்டத்தை வேரூன்றச் செய்ததில் இராணுவத்துக்கும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படைக்கும் பெரிய பங்கு உண்டு. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளும், 2024இல் தொடங்கிய லடாக் லீக் போட்டியும் அண்மைய ஆண்டுகளில் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கின்றன. ஆர்வத்துக்கோ திறமைக்கோ அங்கே பஞ்சமில்லை.

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. லடாக்கின் இயற்கைப் பனித்தளம் டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரைதான் நம்பத்தக்கது. உலகச் சாம்பியன்ஷிப்பின் கீழ் அடுக்குத் தொடர்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடக்கின்றன. குளம் உருகிய பிறகு போட்டி. அல் ஐன் தொடரோ மே 31இல் தொடங்கியது. லேயில் அப்போது ஐஸ் இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். ஆண்டுக்கு இரண்டு, இரண்டரை மாதங்கள் மட்டும் பயிற்சி செய்யும் அணி, பன்னிரண்டு மாதங்களும் கூரைக்கடியில் ஆடும் அணியை எதிர்கொள்கிறது. கூரையும் குளிரூட்டியும் கொண்ட முழு அளவுத் தளம் என்ற ஒன்றே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அத்தகைய தளம் இந்தியாவில் இல்லாமல் இல்லை. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக உத்தராகண்டின் டேராடூனில் ஒன்று கட்டப்பட்டது. போட்டிகள் முடிந்ததும், பராமரிப்புச் செலவையும் மின்கட்டணத்தையும் தாங்க முடியாமல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. புதுப்பிக்கப்பட்டு 2025இல்தான் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது; அவ்வாண்டு ஆகஸ்டில் ஆசிய அளவிலான ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் போட்டி அங்கு நடந்தது. இடையில் ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் வந்து போய்விட்டனர். குருகிராமில் ஒரு வணிக வளாகத்தின் சிறு தளத்தில் தேசிய அணி பயிற்சி செய்த காலமும் உண்டு.

வெயில் நாடுகள் ஏறிய விதம்

குளிர் இல்லாத நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால் படம் தெளிவாகிறது. ஐக்கிய அரபு அமீரகம் உலகச் சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் பிரிவு வரை ஏறியிருக்கிறது. அங்கு வேலைக்குச் சென்ற தமிழர்களில் துபாய் மால் உள்ளே இருக்கும் ஒலிம்பிக் அளவுப் பனித்தளத்தை வேடிக்கை பார்க்காதவர்கள் குறைவு. வெளியே 45 பாகை வெப்பம் கொளுத்தும்போதும் உள்ளே ஆட்டம் நடக்கும். தாய்லாந்தும் ஏணியில் ஏறி வந்திருக்கிறது. மலேசியா, பிலிப்பைன்ஸ், குவைத் ஆகியவை நான்காம் பிரிவில் ஆடியிருக்கின்றன. 2017 தென்கிழக்காசிய விளையாட்டுகளை நடத்திய மலேசியா, கோலாலம்பூர் வட்டாரத்தில் ஒரு வணிக வளாகத்துக்குள் அமைந்த தளத்தில் ஐஸ் ஹாக்கியை நடத்தியது. தங்கத்தை வென்றது பிலிப்பைன்ஸ். இந்நாடுகளில் எதிலும் குளம் உறைவதில்லை. வார இறுதியில் குழந்தைகள் கட்டணம் செலுத்திச் சறுக்கி மகிழ்கிறார்கள். அந்த வருமானத்தில் தளம் உயிர்வாழ்கிறது. இரவில் மற்றவர்கள் கிளம்பிய பிறகு ஹாக்கி அணிகள் இறங்குகின்றன.

இந்தக் கணக்கு மும்பைக்கும் பொருந்தும். ஆண்டாப் ஹில்லிலிருந்து சயன் வழியாகச் சிறிது தூரத்தில் உள்ள குர்லாவின் வணிக வளாகமொன்றில், கட்டணம் கொடுத்துச் செயற்கைப் பனியில் விளையாடும் கேளிக்கை அரங்கம் உள்ளது. கோராயின் கேளிக்கைப் பூங்காவில் ஒருகாலத்தில் ஸ்கேட்டிங் தளமே இருந்தது. பனிக்காகப் பணம் செலவிட இந்நகரம் தயங்கியதில்லை. ஆனால் அறுபது மீட்டர் நீளமுள்ள, ஹாக்கிக்குரிய தடுப்புச் சுவர்கள் கொண்ட தளம் இங்கு இல்லை. மும்பையின் நிலவிலையில் அவ்வளவு பரப்பை ஒதுக்குவது எளிதன்று என்ற பதில் உடனே வரும்; மணிலாவிலும் பாங்காக்கிலும் நிலம் இலவசமாகக் கிடைத்துவிடவில்லை என்பதையும் அப்போது நினைத்துக்கொள்ளலாம். சக்கர ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகள் மும்பையில் ஏராளம். கால் சமநிலை பழகிய அந்தப் பிள்ளைகள் ஐஸுக்கு மாறுவதற்கு வேண்டியது ஒரு தளம்தான்.

இது லடாக்கின் இடத்தை மும்பை பறித்துக்கொள்ளும் யோசனையாகாது. லடாக்கின் அணிக்கு மார்ச் முதல் நவம்பர் வரை ஆடுவதற்கும், தன்னை எதிர்த்து ஆடுவதற்கும் நாட்டுக்குள்ளேயே வேறு அணிகள் வேண்டும். ஒரே மலைப்பகுதியின் அணிகள் தமக்குள்ளேயே மோதிக்கொள்ளும் நாட்டில், அந்நிய அணியின் வேகம் சர்வதேசத் தொடரின் முதல் ஆட்டத்தில்தான் தெரியவருகிறது.

கடவுச்சீட்டு என்னும் தடை

இன்னொரு வாசலும் இந்தியாவுக்கு ஏறக்குறைய மூடியிருக்கிறது. இத்தாலியின் அணியில் இத்தாலிய வம்சாவளிக் கனடியர்கள் ஆடுவது பல பத்தாண்டு வழக்கம். கனடாவில் இந்திய வம்சாவளியினர் ஐஸ் ஹாக்கியில் புதியவர்கள் அல்லர். ராபின் பாவா 1989இலேயே வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் ஆடினார். அவருக்குப் பின் மேனி மல்ஹோத்ரா, ஜுஜார் கைரா, அர்ஷ்தீப் பெயின்ஸ் என வரிசை நீள்கிறது. ஸ்கார்பரோவின் தமிழ்ப் பிள்ளைகளும் கனடியப் பள்ளிகளில் இந்த ஆட்டத்தோடு வளர்கிறார்கள்.

அவர்களில் எவரும் இந்தியாவுக்காக எளிதில் ஆட முடியாது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும் அது குடியுரிமை ஆகாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களே நாட்டின் சார்பில் ஆடலாம் என்பது 2008 முதல் மத்திய அரசின் நிலைப்பாடு. சர்வதேசக் கூட்டமைப்போ, குடியுரிமை மாறி வருபவர் புதிய நாட்டின் உள்நாட்டுப் போட்டிகளில் குறிப்பிட்ட காலம் ஆடியிருக்க வேண்டும் என்கிறது. ஆண்டுக்குச் சில வாரங்களே நடக்கும் உள்நாட்டுப் பருவத்தை நம்பிக் கனடியக் கடவுச்சீட்டைத் துறந்து வர எவரும் துணியமாட்டார். இந்த வாசலும் கடைசியில் தளத்திலேயே வந்து முட்டுகிறது.

மகளிர் அணிக்கே வாய்ப்பு நெருக்கம் என்பது எம் கணிப்பு. அவர்களது ஏணியில் படிகள் குறைவு, போட்டியிடும் நாடுகளும் குறைவு. 10 அணிகள் ஆடும் மகளிர் ஒலிம்பிக்குக்கு ஜப்பான் 2014 முதல் தொடர்ந்து தகுதி பெற்று, ஆசிய அணிக்கு அது எட்டக்கூடியதே எனக் காட்டியிருக்கிறது. ஆனால் முதலில் மூன்றாம் பிரிவில் சேர இந்தியா விண்ணப்பிக்க வேண்டும். சர்வதேசக் கூட்டமைப்பு அதை ஏற்க வேண்டும். சேர்ந்தபின் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் அணியை அனுப்ப வேண்டும். ஓர் ஆண்டு பணமில்லை என்று நின்றுவிட்டால் அந்த ஆண்டுக்கான புள்ளிகள் கிடையா. மக்களிடம் நிதி திரட்டி ஒரு தொடருக்குப் போய்வரலாம். ஆறேழு ஆண்டுகள் அப்படிப் போய்வர முடியாது.

செவாங் சுஸ்கித் தலைமையில் அல் ஐனில் வெண்கலம் வென்ற பெண்கள், லே திரும்பியபோது ஜூன் மாதம். அடுத்த பனி விழ ஆறு மாதங்கள் இருந்தன. அதற்கிடையே நாட்டுக்குள் முழு அளவு ஐஸில் ஆட வேண்டுமானால் அவர்கள் செல்லக்கூடிய இடம் டேராடூன் ஒன்றே. அதன் குளிரூட்டிகள் தொடர்ந்து ஓடுவது, 2011க்குப் பிறகு நடந்தது போலவே, மாதாமாதம் வரும் மின்கட்டணத்தை யார் செலுத்துகிறார் என்பதைப் பொறுத்தது.